ஆறு வார ஓய்வு

"இது வேண்டாம் பெரியப்பா. இதுல அப்பா மாதிரியே இல்ல."

தம்பி மகள் கட்டைவிரலால் படத்தைத் தள்ளினாள். அடுத்தது வந்தது. அதையும் தள்ளினாள். ஸ்டுடியோக்காரர் அதற்குள் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பதினோரு மணிக்குள் படம் கைக்கு வந்தால்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வருவதற்குள் கொடுத்துவிட முடியும் என்றார்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெண்ணின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வருஷத்துப் படங்களில் தம்பி இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தான். பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் பாதித் தோளாக இருந்தான். குடும்பமே பல்லைக் காட்டும் படத்தில், அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறவன் மாதிரி நின்றான். ஒன்றில் பெல்ட்டின் நுனி வளையங்களைத் தாண்டி முதுகுப்பக்கம் வரை போயிருந்தது.

"எப்பப் பெரியப்பா இப்படி இளைச்சாரு? தினம் பாத்துட்டுத்தானே இருந்தேன்."

"வயசாகுதில்லம்மா" என்றார். தம்பிக்கு நாற்பத்தாறு.

கடைசியில் மூன்று வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றைப் பிடித்தார்கள். பஸ்ஸின் டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, வெளியே யாரையோ வம்புக்கு இழுத்துக்கொண்டு சிரிக்கிறான். பெண் அதை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே டெப்போதான். பெரியவர் டைம்கீப்பர். எந்த வண்டியை யார் எடுப்பது, யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு லீவ் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவர் மேஜையில் முடிவாகிற விஷயம். தம்பி பதினேழாம் நம்பர் ரூட்டில் டிரைவர். டெப்போவில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சின்னவன் நேற்று முன்தினம் காலையில் போனான். மனைவி தையல் கம்பெனிக்கும் மகள் காலேஜுக்கும் போன பிறகு, அவனுடைய வார ஓய்வு நாளில். அதனால் டெப்போவில் ஒரு டிரிப்பும் கேன்சல் ஆகவில்லை.

மாரடைப்பு என்று சொன்னது பெரியவர்தான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரையும் அவரே போனில் பிடித்துச் சொன்னார். முதல் போனில் குரல் இடறியது. ஐந்தாவது போனில் நேராக வந்தது. பத்தாவது போனுக்குள், "ரெண்டு நாளாவே நெஞ்சைப் பிசையுதுன்னு சொல்லிட்டிருந்தான், கேஸ்னு விட்டுட்டோம்" என்று அந்தக் கதைக்குத் தானாகவே கைகால் முளைத்திருந்தது. மாரடைப்புக்கு எதற்குப் போலீஸ் வந்தது, எதற்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை வெளிக்காட்டாத மரியாதை எல்லோருக்கும் இருந்தது.

வண்டி இரண்டு மணிக்கு வந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. டெப்போ ஆட்கள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து சுவரோரம் நின்றார்கள். ஸ்டுடியோவிலிருந்து வந்த படத்தில் சின்னவனின் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கியிருந்தார்கள். வந்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்தார்கள், பிறகு பெட்டிக்குள் பார்த்தார்கள், பிறகு அவசரமாக மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள்.

டெப்போ மேனேஜர் மாலையை வைத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே நாலு வார்த்தை பேச ஆரம்பித்தார்.

"இப்படி ஒரு ஊழியரை நான் பாத்ததில்ல. எப்பவும் சிரிச்ச முகம். எல்லாத்துக்கும் மேல, இந்த மூணு மாசத்துல ஒரு நாள் கூட லீவ் எடுக்காத மனுஷன். ஒரு நாள்! என்கிட்ட ரெக்கார்டு இருக்கு. இளைஞர்கள் இவரைப் பாத்துக் கத்துக்கணும்."

சுவரோரத்திலிருந்து, "கத்துக்கிட்டா நல்லாத்தான் இருக்கும்" என்று ஒரு குரல் வந்தது. மேனேஜர் திரும்பிப் பார்த்தார். பெரியவர் பார்க்கவில்லை. அது பதினேழாம் நம்பர் கண்டக்டர். இந்தக் காலத்திலும் வாயில் விசிலை வைத்துக்கொண்டே திரிவதால் அவனுக்கு விசில் என்றே பெயர். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேட் பக்கம் போனான்.

லீவ் எடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று மாதத்தில் நான்கு தடவை லீவ் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். நான்கையும் பெரியவர்தான் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "வீட்ல சும்மா உக்காந்தா கண்டதும் நினைப்பு வரும்டா. வண்டியில ஏறு. நாலு பேரைப் பாத்தா சரியாப் போயிரும்." சின்னவன் ஏறினான்.

விசில் ஒரு நாள் மத்தியானம் டைம்கீப்பர் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசியது, மாலைகளின் வாசத்துக்கு நடுவில் பெரியவருக்கு வார்த்தை வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

"சின்னவரைக் கவனிச்சீங்களா சார்?"

"ஏன், என்ன பண்ணான்? ஸ்டாப்ல நிறுத்தலையா?"

"நிறுத்துறாரு. கிளப்பத்தான் மாட்டேங்குறாரு. நான் விசில் அடிச்சாலும் கையை ஸ்டியரிங்ல வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காரு. நேத்து கடைசி ஸ்டாப்ல எல்லாரும் இறங்கின பிறகு இருபது நிமிஷம். என்னண்ணேன்னு கேட்டா, 'எந்திரிக்கணும்னு காலுக்குச் சொல்லிட்டிருக்கேன், அது கேக்க மாட்டேங்குது'ங்குறாரு."

"வேலைக்கள்ளன்."

விசில் சிரிக்கவில்லை. "இன்னொண்ணு சார். ஆறு வருஷத்துக்கு முந்தி ஒரு தடவை என்னை எல்லார் முன்னாடியும் திட்டினாராம். அதுக்கு இப்ப மன்னிப்புக் கேக்குறாரு. எனக்கு ஞாபகமே இல்ல. மூணு நாளா தினமும் கேக்குறாரு. ஒருத்தன் ஸ்கூட்டர்ல குறுக்க வந்து அம்மா அக்கான்னு திட்டிட்டுப் போறான். நம்ம சின்னவரு 'ஆமா, தப்புதான்'ங்குறாரு. அவரா சார் அது? எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தர் இப்படித்தான் இருந்தாரு. எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டுங்க."

பெரியவர் காட்டினார். அதை மட்டும் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மறுவாரமே போக்குவரத்து ஊழியர்களுக்கான ஆஸ்பத்திரிக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். தம்பி மனைவிக்கு அன்று கம்பெனியில் அவசர ஆர்டர். டாக்டர் சின்ன வயசுப் பெண். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனாவை அசைக்காமல் காத்திருந்தாள்.

"தூக்கம் எப்படி?"

"மூணு மணிக்கு முழிப்பு வந்துரும் டாக்டர்."

"அப்புறம்?"

"விடியட்டும்னு காத்திருப்பேன். விடிஞ்சதும், ஏன்தான் விடிஞ்சுதோன்னு இருக்கும்."

"சாப்பாடு?"

"மென்னுட்டே இருப்பேன். முழுங்கணும்ங்குறது ஞாபகம் வரணும்."

"பல்லுல ஏதாவது கோளாறா இருக்கும் டாக்டர்" என்றார் பெரியவர். டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?"

சின்னவன் நெடுநேரம் மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்தான். "அப்படின்னு இல்ல. காலையில எழுந்திருக்காமலே இருந்துட்டா எல்லாருக்கும் வசதியா இருக்கும்னு தோணும்."

பெரியவர் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை ஆனா எங்க எல்லாருக்கும் தோணுறதுதான் டாக்டர் அது!" அண்ணன் சிரிக்கிறாரே என்று சின்னவனும் உதட்டை விரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு தாள்களில் எழுதினாள். ஒன்று மனநல மருத்துவருக்கு. இன்னொன்று டெப்போவுக்கு: ஆறு வாரம் முழு ஓய்வு, வண்டி ஓட்டக் கூடாது. சின்னவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெரியவரிடம் பேசினாள்.

"இது சோம்பல் இல்லைங்க. கவலையும் இல்ல. தீவிரமான மனச்சோர்வு. வியாதி இது. மருந்து இருக்கு, சரியாகும். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதீங்க. அவரோட மனைவிகிட்ட இதை அப்படியே சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேன் டாக்டர்."

படியிறங்கும்போதே பெரியவர் கணக்குப் போட்டுவிட்டார். டெப்போவுக்கான சீட்டு டைம்கீப்பரிடம்தான் வர வேண்டும். அதாவது அவரிடமேதான். அதை மேனேஜருக்கு அனுப்பினால் அடுத்த நிமிஷம் கேன்டீனுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன் இதே மாதிரி சீட்டு கொண்டுவந்த டிரைவர் ஒருவரை ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி ஸ்டோரில் டயர் எண்ண வைத்தார்கள். அவருக்கு 'நியூட்ரல்' என்று ஒரு பெயர் விழுந்தது. டெப்போவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தப் பெயரை வைத்தவர் பெரியவர்தான். இன்றுவரை அந்த மனிதரை யாரும் வேறு பெயரில் கூப்பிடுவதில்லை.

"இங்க பாருடா" என்று படியில் நின்று சொன்னார். "இந்தச் சீட்டு உள்ள வந்துச்சுன்னா உன் ஸ்டியரிங் போச்சு. பொண்ணு காலேஜ் முடிக்கணும். நாளைக்கு அவளை ஒருத்தன் கேட்டு வந்தா, அப்பனுக்குப் பைத்தியம்னு எவனாவது சொல்லிவைப்பான். கொஞ்சம் மனசைத் தேத்திக்கோ. நல்லாச் சாப்பிடு. நான் பாத்துக்கறேன். என்ன?"

"அண்ணன் சொன்னாச் சரி" என்றான் சின்னவன்.

ஐந்து வயதிலிருந்து அவன் சொல்லிவந்த வார்த்தை அது. அன்று அதைத் தம்பியின் மரியாதையாகத்தான் பெரியவர் எடுத்துக்கொண்டார். மறுத்துப் பேசத் தெம்பில்லாதவனும் அதே வார்த்தையைத்தான் சொல்வான் என்று அப்போது அவருக்கு உறைக்கவில்லை. வழியில் மருந்துக்கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரண்டு தாள்களையும் தன் மேஜை டிராயருக்குள், பழைய டூட்டி அட்டவணைகளுக்கு அடியில் வைத்தார். சின்னவன் மறுநாள் காலை ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பதினேழாம் நம்பரை எடுத்துக்கொண்டு போனான். அது ஒன்பது வாரத்துக்கு முன்னால்.

கடைசி வாரம்தான் எல்லோரையும் ஏமாற்றியது. திடீரென்று சின்னவன் தெளிந்துவிட்டான். சவரம் செய்துகொண்டு வந்தான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தான். தன் கூலிங்கிளாஸை விசிலுக்குக் கொடுத்தான். பெரியவர் வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து, "உனக்கும் அண்ணிக்கும் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் படியிறங்கியதும் பெரியவர் மனைவியிடம், "பாத்தியா? வைட்டமின். நான் அப்பவே சொன்னேன்" என்று பெருமையடித்துக்கொண்டார்.

கேட் பக்கம் பார்த்தார். தம்பி மனைவி எப்போது வெளியே போனாளோ, தெரியவில்லை. விசிலின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். விசில் தலையைக் குனிந்து பேசிக்கொண்டிருந்தான். ஒரு கையால் கூலிங்கிளாஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பிறகு அதே கையால் வீட்டுப்பக்கம் காட்டினான். அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை கூட்டத்தில் பெரியவரின் கண்ணை அவள் கண் தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நேராக வந்து ஏதாவது கேட்டுவிடுவாள் என்று நினைத்தார். அவள் உள்ளே வந்து பெட்டியின் தலைமாட்டில் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். நாலரைக்கு மண் மூடியாகிவிட்டது. பெரியவர் எல்லோருக்கும் கைகொடுத்தார். "ஹார்ட்டுக்கு வயசே இல்லாமப் போச்சு" என்று மேனேஜர் தோளைத் தட்டினார். "ஆமா சார்" என்றார் பெரியவர்.

வீட்டுக்குத் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. பெரியவரின் மனைவி கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தான்."

அவர் சமையலறை வாசலில் நின்றார்.

"விசில் உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"சொன்னான்."

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"அது... பொதுவா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. சின்னப் பொண்ணும்மா அது, இப்பத்தான் படிச்சிட்டு வந்திருக்கு..."

"அத்தான், என்ன சொன்னாங்க?"

பெரியவர் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த சல்லடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தனியாக விடக் கூடாது என்ற இடம் வந்தபோது அவள் குழாயை மூடினாள்.

"நான் தையல்காரி" என்றாள். "அவர் யூனிபார்ம் சட்டையை இந்த வருஷம் ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு இஞ்ச். என் கைக்குத் தெரிஞ்சிருச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஷூவுக்கு லேஸ் கட்ட அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. அதையும் பாத்தேன். அதனாலதான் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்த அன்னைக்கு உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். நீங்க 'சத்துக்குறைவு, வேற ஒண்ணுமில்ல'ன்னு சொன்னீங்க. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அன்னைக்கு நல்லாத் தூங்கினேன். அவர் பக்கத்துல முழிச்சுட்டுக் கிடந்திருக்காரு, நான் தூங்கினேன்."

"நான் வேணும்னு பண்ணலம்மா. அவன் வேலைக்காகத்தான்..."

"எனக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்துச்சு அத்தான். அதான் திருப்பிக் கேக்கல." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் பெரியவருக்கு உபகாரமாக இருந்திருக்கும். "அந்தச் சீட்டு எங்க?"

"டெப்போவுல. டிராயர்ல இருக்கு."

"போய் எடுத்துட்டு வாங்க."

"இப்பவா? இனிமே அது எதுக்கும்மா? நாலு பேர் கண்ணுல பட்டா..."

"எம் பொண்ணு ரெண்டு நாளா ஒரே கேள்வியைத்தான் கேக்குறா. அப்பா ஏன் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலன்னு. நம்மளை விட்டுட்டுப் போகணும்னா அவ்வளவு வெறுப்பான்னு. அவர் சொன்னாருங்க. கேட்டவங்ககிட்டச் சொல்லியிருக்காரு. வாயைத் திறந்து சொன்னாரு, எழுதியும் குடுத்திருக்காங்க. அதை அவ படிக்கணும்."

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு நடந்தார். ஸ்டாப்புக்கு இன்னும் ஐம்பதடி இருக்கும்போதே ஒரு பஸ் அவருக்காக ஒதுங்கி நின்றது. டிரைவர் புதுசாகச் சேர்ந்தவன். சாவுக்கு வர முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவித்தான்.

"ஹார்ட்டாமே சார்?"

"ஆமாப்பா" என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் டெப்போ வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். உட்கார இடம் இருந்தது.

டைம்கீப்பர் அறையில் அவருக்குப் பதிலாக வந்திருந்தவர் சட்டென்று எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். மேஜையில் நாளைய டூட்டி அட்டவணை பாதி எழுதியபடி இருந்தது. பதினேழுக்கு நேராக வேறொருவர் பெயர் எழுதியாகிவிட்டது. பெரியவர் டிராயரை இழுத்து, அட்டவணைகளுக்கு அடியில் கையை விட்டார். அன்றைக்கு அவர் மடித்த மடிப்பிலேயே இரண்டும் இருந்தன. திறந்து பார்க்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து டயர் நம்பர் எழுதிக்கொண்டிருந்த மனிதர், அவரைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"சின்னவர் என்கிட்ட நல்லாப் பேசுவாரு சார்" என்றார் அந்த மனிதர். "இங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். போன மாசம் வந்து, இதுக்கு எந்த டாக்டர்கிட்டப் போனீங்க, சரியாச்சான்னு கேட்டாரு. விலாசம் எழுதிக் குடுத்தேன். அண்ணன்கிட்டக் கேட்டுட்டுப் போறேன்னாரு."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்த மனிதரின் பெயர் என்ன என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே கேட்டைத் தாண்டினார்.

திரும்பி வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கதவைத் தட்டினார். பெண்தான் வந்து திறந்தாள். அழுது வீங்கிய முகம். அம்மா சொல்லியிருக்க வேண்டும். கையை நீட்டினாள். பெரியவர் தாள்களைக் கொடுத்தார். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் செருப்பைக் கழற்றவில்லை.

அவள் நிலைப்படியில் சாய்ந்து நின்று, வாசல் விளக்கு வெளிச்சத்தில் படித்தாள். டாக்டர் கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் உதடுகள் அசைந்தன. முதல் தாளை முடித்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்றாள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன வார்த்தை பெரியப்பா? புரியல."

பெரியவர் குனிந்து பார்த்தார். பார்க்கத் தேவையிருக்கவில்லை.

"'உடனடியாக'ன்னு போட்டிருக்கும்மா."

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.